ஓராள் நாடகத்தில் பேசுகிறவர் யாரிடம் பேசுகிறார்?

கேள்வி இது: "மதுரையில் ஐந்து பேர் சேர்ந்து சின்ன நாடகக் குழு நடத்துகிறோம். ஒருவர் மட்டும் மேடையில் இருந்து பேசும் ஆறு துண்டுகள் எழுதி வைத்திருக்கிறோம். எல்லாமே சாவு, கடன், துரோகம் பற்றியவை. ஆனாலும் படித்தால் சிரிப்பு வருகிறது. இவற்றை ஒரே மாலையில் போடலாமா? வரிசை, நடிப்பு, மேடை, விளக்கு எப்படி இருக்க வேண்டும்? நம் ஊர் ஆட்கள் சிரிப்பார்களா, கோபித்துக்கொண்டு எழுந்து போவார்களா?"

போடலாம். ஆறையும் ஒரே மாலையில் வேண்டாம், நான்கு போதும். ஒவ்வொன்றும் பதினைந்து நிமிடம் என்றால் நடுவில் ஓர் இடைவேளையோடு ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒரே ஆளின் குரலைக் கூர்ந்து கேட்பது பார்வையாளருக்கு நிஜமாகவே உழைப்பு. அந்த உழைப்பை அதற்கு மேல் கேட்கக் கூடாது. மிச்சம் இரண்டை அடுத்த தொடருக்கு வைத்துக்கொள்ளுங்கள். பக்கக் கணக்கு வேண்டுமானால், 1,500 சொற்கள் எழுதியிருந்தால் மேடையில் அது பதினைந்து நிமிடத்துக்குக் குறையாது. சிரிப்புக்கும் மௌனத்துக்கும் இடம் விட்டால் இன்னும் நீளும்.

விளக்கு, மேடை, ஹால் எல்லாம் பிறகு. முதலில் நான்கு பிரதிகளையும் எடுத்து, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வரி எழுதுங்கள்: இவர் யாரிடம் பேசுகிறார்? ஓராள் நாடகம் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த ஒரு வரி எழுதப்படாததால்தான். நடிகர் நன்றாக நடிப்பார், வசனம் நன்றாக இருக்கும், சபையும் பொறுமையாக உட்கார்ந்திருக்கும். ஆனாலும் பத்தாவது நிமிடத்தில் எல்லாம் தளர்ந்துவிடும். மேடையில் இருப்பவர் யாருக்கும் பேசவில்லை, மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறார் என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் தப்பிக்கவே வழியில்லை. இரண்டு வாக்கியம் பேசினால் போதும், எதிரில் இருப்பவர் வயதில் பெரியவரா, சின்னவரா, உறவா, அந்நியரா, கடன் கொடுத்தவரா, வாங்கியவரா என்பது வினைமுற்றிலேயே வந்துவிடுகிறது. "பாத்தியாடா", "பாத்தீகளா", "பாருங்கய்யா" மூன்றும் மூன்று வேறு ஆட்களுக்கு. பிரதியில் இவை கலந்து கிடந்தால், எழுதியவர் இன்னும் முடிவு செய்யவில்லை என்று பொருள். சிவப்பு மையை எடுத்துக்கொண்டு அந்த இடங்களை மட்டும் முதலில் வட்டமிடுங்கள்.

உங்கள் பிரதிகளை நான் படித்ததில்லை. அதனால் ஒரு துண்டை நானே கற்பனை செய்துகொள்கிறேன். பிணத்தை வைக்கும் ஃப்ரீசர் பாக்ஸை வாடகைக்கு விடும் ஆள். பெரியவர் செத்து மூன்றாவது நாள். மகன் துபாயிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. கரண்ட் போய்ப்போய் வருகிறது, வாடகை ஏறிக்கொண்டே இருக்கிறது. அவர் சொல்கிறார்: "நேத்தைக்கு இன்னைக்கு அய்யா மொகம் தெளிவா இருக்குண்ணே. பெட்டி அப்படி." இதைச் சபையைப் பார்த்துச் சொன்னால் துணுக்கு. கைதட்டு வரும், அதோடு முடிந்தது. வீட்டு மருமகனிடம் சொன்னால் அது வியாபாரம்: பாக்கிப் பணத்தை வாங்க வேண்டும், இழவு வீட்டில் காசு கேட்கவும் கூச்சம், ஆகவே பெட்டியைப் புகழ்கிறார். இப்போது அதே வரியில் அவருடைய வீட்டுக் கஷ்டமும் தெரிகிறது. மருமகனும் எழுந்து போன பிறகு, கண்ணாடிக்குள் இருக்கும் அய்யாவிடமே குனிந்து, "நீங்களாச்சும் மகன்கிட்டச் சொல்லுங்க" என்று ஆரம்பித்தால் வேறொரு நாடகம் பிறந்துவிடுகிறது. வசனம் ஏறக்குறைய ஒன்றுதான். கேட்கிற ஆள் மாறியதும் சிரிப்பின் நிறம் மாறுகிறது. டார்க் காமெடி, அதாவது அவல நகைச்சுவை என்று நீங்கள் தேடுவது இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான் இருக்கிறது.

இது நமக்குப் புதிதும் இல்லை. மதுரை வட்டாரத்துத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் முதலில் மேடைக்கு வருபவர் பபூன் என்னும் கோமாளி. ஒற்றை ஆளாக நின்று ஊர்க் கதை, வீட்டுக் கதை, கல்யாணக் கதை எல்லாம் பேசிச் சபையை வசப்படுத்துவார். அவர் பேச்சை மேடை ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஹார்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் வாங்கிக்கொள்வார்கள். மிருதங்கக்காரர் ஒரு 'ம்' போடுவார், ஒரு கேள்வி கேட்பார், வரி முடிந்ததும் ஓர் அடி விழும். சபைக்கு நேரே சொல்ல முடியாத கூச்சமான விஷயத்தை அவரிடம் சொல்வதுபோல் சொல்லிவிடலாம். தனியாகப் பேசுகிறவருக்குக் கேட்கிற ஆள் வேண்டும் என்பதை அந்த நடிகர்கள் தொழிலாகவே அறிந்தவர்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் பாலசபை என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கிய ஊர் இது. இன்றைக்கும் வள்ளி திருமணம் விடிய விடிய நடக்கிற ஊர்கள் சுற்றிலும் இருக்கின்றன. உங்கள் ஐந்து பேரும் ஒத்திகை தொடங்குவதற்கு முன் ஒரு முழு இரவு போய் உட்கார்ந்து, பபூன் வரும் முதல் பகுதியை மட்டுமாவது கவனித்துப் பாருங்கள். சிரிப்பைப் பார்க்க வேண்டாம், அவர் கண் எங்கே போகிறது என்று பாருங்கள்.

எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கண். விட்டுவிட வேண்டியது அந்த மிருதங்க அடி. வரிக்கு வரி அடி விழுந்தால் சபைக்கு எங்கே சிரிப்பது என்று உத்தரவு கிடைத்துவிடுகிறது. அவல நகைச்சுவையில் அந்த உத்தரவு இருக்கக் கூடாது. சிரிக்கலாமா வேண்டாமா என்ற அரை நொடித் தயக்கம்தான் இந்த வகை நாடகத்தின் உயிர்.

வெளியிலிருந்து ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வகைக்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 'புகையிலையின் தீமைகள்' என்ற சிறு நாடகத்தை 1886-ல் எழுதி, தன் கடைசிக் காலம்வரை திருத்திக்கொண்டே இருந்தார். மனைவி கட்டளையிட்டதால் புகையிலை பற்றிச் சொற்பொழிவாற்ற வந்த கணவன், பேச்சு வழிதவறித் தன் வாழ்க்கையைப் பற்றிப் புலம்ப ஆரம்பிக்கிறான். கேட்பவர்கள் சபையோர். ஆனால் திரைமறைவில் மனைவி வந்து நிற்கிறாளோ என்ற பயம் அவன் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. அவள் வந்ததைக் கண்டதும் சட்டென்று நிமிர்ந்து, மறுபடியும் சொற்பொழிவாளர் ஆகிவிடுகிறான். முன்னே கேட்பவர் ஒருவர், பின்னே கேட்டுவிடக் கூடாத இன்னொருவர். உங்கள் துண்டுகளில் எதிலாவது இந்த இரண்டாவது ஆளை வைக்க முடியுமா என்று பாருங்கள். அடுத்த அறையில் மாமியார், வாசலில் வசூல்காரர், வாட்ஸ்அப்பில் பதிவாகிக்கொண்டிருக்கும் குரல். முன்னால் இருப்பவரிடம் ஒன்றைச் சொல்லிக்கொண்டே பின்னால் இருப்பவருக்குக் கேட்காமல் காப்பாற்றுவதில் எத்தனையோ சிரிப்பு கிடைக்கும். அதில் ஒன்றுகூட வலிந்து வந்ததாக இருக்காது.

ஒத்திகைக்கு வருகிறேன். இரண்டு வேலை செய்யச் சொல்வேன். முதலாவது, கேட்பவர் சொல்லும் பதில்களையும் முழுசாக எழுதுங்கள். ஃப்ரீசர் பாக்ஸ்காரருக்கு மருமகன் என்ன பதில் சொன்னார், எந்த இடத்தில் முகத்தைத் திருப்பினார், எந்த இடத்தில் போனை எடுத்தார், எல்லாவற்றையும். அதாவது முதலில் இரண்டு பேர் பேசும் காட்சியாகவே எழுதிவிட்டு, பிறகு ஓர் ஆளின் வரிகளை மட்டும் அழியுங்கள். அழித்த இடங்கள் மேடையில் மௌனமாக நிற்கும், நடிகருக்கு அந்த மௌனத்தில் என்ன கேட்டது என்று தெரிந்திருக்கும். இரண்டாவது, ஒத்திகையின் முதல் பாதி முழுக்க ஒரு நிஜ ஆள் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கட்டும். அவர் கேட்கட்டும், தலையாட்டட்டும், சலிக்கட்டும். பிறகு ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் அவரை எழுப்பிவிட்டு நாற்காலியை மட்டும் வையுங்கள். இன்னும் சில நாள் கழித்து நாற்காலியையும் எடுத்துவிடுங்கள். நடிகரின் பார்வை அதே உயரத்தில், அதே தூரத்தில் நிற்க வேண்டும். நின்றுவிட்டால் அரங்கில் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் அந்த ஆள் தெரிவார்.

நடிகருக்குச் சொல்ல வேண்டியது ஒன்று: உங்கள் பாத்திரத்துக்குத் தான் வேடிக்கையானவர் என்று தெரியாது. அவர் தன் பக்க நியாயத்தைச் சொல்ல வந்தவர், தன் வழக்கைத் தானே வாதாடுகிறவர். வரி முடிந்ததும் உதட்டோரம் ஒரு சிரிப்பு, புருவத்தில் ஒரு தூக்கல், 'பாத்தீங்களா எப்படிச் சொன்னேன்' என்று சபையை நோக்கி ஒரு பார்வை, இந்த மூன்றும் வந்த நிமிடம் பாத்திரம் செத்துவிடும். நம் ஊரில் பட்டிமன்றமும் தொலைக்காட்சி நகைச்சுவையும் பழகிய மேடைக்காரர்களுக்கு இது கடினமான விஷயம். அவர்கள் திறமைசாலிகள், அந்தக் கலைக்கு அந்தப் பார்வை தேவை. இங்கே தேவையில்லை. எப்படி விலக்குவது? பாத்திரத்துக்கு இந்தப் பதினைந்து நிமிடத்தில் கேட்பவரிடமிருந்து என்ன வேண்டும் என்பதை ஒரே வினைச்சொல்லில் எழுதிக் கொடுங்கள். 'பணத்தை வாங்க', 'மன்னிப்பை வாங்க', 'எழுந்து போகாமல் பிடித்துவைக்க'. நடிகர் அதை மட்டும் செய்யட்டும்.

சிரிப்பு வந்தால் என்ன செய்வது? ஏறும்போது பேசக் கூடாது, முழுக்க அடங்கும்வரை காத்திருக்கவும் கூடாது. உச்சி தாண்டி இறங்கும்போது அடுத்த வரியைத் தொடங்க வேண்டும். காத்திருக்கும் அந்த நொடிகளில் பாத்திரத்துக்கு ஏதோ ஒரு வேலை இருக்க வேண்டும், இல்லையென்றால் நடிகர் சிரிப்பை ரசித்துக்கொண்டு நிற்பதாகத் தெரியும்.

கைக்கு வேலை என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும். ஓராள் நாடகத்தில் வசனம் மறந்தால் எடுத்துக்கொடுக்க எதிரில் ஆள் இல்லை. வசனத்தைக் கைவேலையோடு பிணைத்துவிட்டால் கையே ஞாபகப்படுத்தும். மதுரையில் இதற்குப் பூக்கட்டுவதைவிட நல்ல வேலை என்ன இருக்கிறது! கற்பனைக்கு இன்னொரு துண்டு: விடிகாலை நாலு மணி, மாட்டுத்தாவணியில் வாங்கி வந்த மல்லி, வாழைநார், ஒரு பெண். பக்கத்தில் தொழில் பழக வந்த அக்கா மகள். தன்னை விட்டு ஓடிப்போன புருஷனின் இரண்டாம் கல்யாணத்துக்கு மாலை கட்டிக் கொடுத்து, கூலியும் கறாராகப் பேசி வாங்கிய கதையை அவள் சொல்கிறாள். சபை சிரித்துக்கொண்டிருக்கும்போதே, இப்போது கட்டிக்கொண்டிருக்கும் மாலை அவன் பிணத்துக்கு என்பது மெல்லத் தெரிகிறது. இதற்குக் கூலி வாங்குவதா வேண்டாமா என்பதுதான் அவள் யோசனை. கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை பாதியில் தூங்கிப்போகிறது. தூங்கிவிட்டது தெரிந்தும் அவள் பேசுகிறாள்.

இதில் பூக்கட்டும் வேகமே வசனத்தின் வேகம். கோபம் வந்தால் முடிச்சு இறுகும், பொய் சொல்லும்போது கை நிற்கும். எந்த வரியில் எத்தனையாவது முழம் முடிகிறது என்பதை ஒத்திகையில் பிடித்துவிட்டால், நடிகைக்கு நேரமும் தெரியும், வரியும் மறக்காது. ஆனால் நிஜமாகவே கட்டத் தெரிந்திருக்க வேண்டும். பாவனை பண்ணினால் இந்த ஊர்ப் பெண்கள் முதல் வரிசையிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்கள், அதற்குப் பிறகு அவள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்கள். பூக்கட்டும் ஓர் அம்மாவிடம் போய், பக்கத்தில் உட்கார்ந்து பழகச் சொல்லுங்கள். அவருக்கு உரிய கூலியைக் கொடுத்துவிடுங்கள். மல்லி விலை ஏறும் நாட்களில் ஒத்திகைக்கு இலையையும் மலிவான பூவையும் வைத்துக்கொள்ளலாம், காட்சியன்று மட்டும் நிஜ மல்லி. அரங்கில் அந்த மணம் பரவுவதற்கு எந்த விளக்கும் ஈடாகாது.

நான்கையும் எந்த வரிசையில் கோர்ப்பது? நல்லதைக் கடைசியில் வைப்பது என்ற வழக்கத்தை விட்டுவிடுங்கள். கேட்கிற ஆள் குறைந்துகொண்டே போகும்படி வரிசையை அமையுங்கள் என்பேன். முதல் துண்டில் கேட்பது கூட்டம். உதாரணமாக, காதுகுத்து வீட்டில் மைக் பிடித்து மொய் வாசிப்பவர். சபையே விருந்தாளிகள். பெயரும் தொகையும் வாசிக்க வாசிக்க, அந்த வீட்டுக்காரர் ஊருக்கெல்லாம் செய்த மொய் திரும்பி வராமல் போவதும், வட்டிக்காரர் பந்தல் வாசலிலேயே நிற்பதும் மைக் வழியாகவே கசிகிறது. நேராகச் சபையோடு பேசும் துண்டு என்பதால் சிரிப்பதற்குத் தயக்கம் இருக்காது. அரங்குக்கும் மேடைக்கும் பழக்கம் ஏற்பட்டுவிடும்.

இரண்டாவதில் கேட்பது எதிரில் உள்ள ஒரே ஓர் ஆள். ஃப்ரீசர் பாக்ஸ்காரர் இங்கே பொருந்துவார். பிறகு இடைவேளை. மூன்றாவதில் கேட்பவர் இருக்கிறார், ஆனால் பதில் இல்லை. பூக்கட்டும் பெண்ணும் தூங்கும் பிள்ளையும் இந்த இடத்துக்கு. நான்காவதில் கேட்பவரே இல்லை. செத்துப்போன மகனின் செல்போன் எண்ணுக்குத் தினமும் சாயங்காலம் பேசும் ஓர் அப்பா. அவன் படிப்புக்கு வாங்கிய கடனில் இன்றைக்கு எவ்வளவு கட்டினேன் என்று கணக்கு ஒப்பிக்கிறார். எண்ணை வேறு யாருக்காவது கொடுத்துவிடப் போகிறார்கள் என்று மாதாமாதம் ரீசார்ஜ் வேறு செய்கிறார், அந்தச் செலவுக்கு மகனையே திட்டுகிறார். சபை அந்தத் திட்டுக்குச் சிரிக்கும். முதல் துண்டில் நூறு பேர் சேர்ந்து சிரித்த அதே சபை, இதில் ஒவ்வொருவராகத் தனித்தனியே சிரிக்கும். நான்கு துண்டுகளுக்கும் கதைத் தொடர்பு எதுவும் தேவையில்லை. ஒரு துண்டின் பாத்திரம் இன்னொன்றில் பெயராக வருவது போன்ற சூட்சுமங்களை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சபை கதையை விட்டுவிட்டு முடிச்சைத் தேட ஆரம்பித்துவிடும்.

நான்கு பேர் நடிப்பதா, ஒருவரே நான்கும் செய்வதா? உங்களிடம் ஐந்து பேர் இருக்கிறீர்கள், நான்கு பேர் நடியுங்கள், ஐந்தாவது ஆள் இயக்கட்டும். தோல்பாவைக் கூத்தில் ஒரே கலைஞர் திரைக்குப் பின்னால் கோமாளிகளான உச்சிக்குடும்பனாகவும் உளுவத்தலையனாகவும், ராவணனாகவும் பேசுவது நமக்குப் பெருமைதான். ஆனால் அங்கே அவர் முகம் மறைந்திருக்கிறது. உங்கள் மேடையில் ஒரே முகம் நான்கு முறை வந்தால் சபை நடிகரின் திறமையை எடைபோட ஆரம்பித்துவிடும். பேசுகிற ஆளை மறந்துவிடும்.

துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே தொகுப்பாளர் வேண்டவே வேண்டாம். 'அடுத்து வருவது' என்று யாரும் மைக் பிடிக்கக் கூடாது. சிறப்பு விருந்தினர், பொன்னாடை, வாழ்த்துரை எல்லாம் நம் ஊரில் தவிர்க்க முடியாதவை, அவற்றை நான் குறையாகவும் நினைக்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் முதல் துண்டுக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள், கடைசிக்கும் வைக்காதீர்கள். நான்காவது துண்டைப் பார்த்த கையோடு யாரும் உரை கேட்கக் கூடாது. இடைவெளிகளை நிரப்ப ஒரு ஹார்மோனியம் போதும். ஸ்பெஷல் நாடகத்தில் வாசிப்பவரையே கூப்பிடுங்கள். மேடை ஓரத்தில், வெளிச்சம் படும் இடத்தில் அவர் உட்கார்ந்திருக்கட்டும். பொருட்களை மாற்றும் அரை நிமிடத்துக்கு அவர் வாசிப்பார். துண்டு நடக்கும்போது வாசிக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் கேட்பதைப் பார்த்துச் சபையும் கேட்கும்.

மேடைப் பொருள் ஒவ்வொரு துண்டுக்கும் ஒன்றோ இரண்டோ போதும்: மொய் நோட்டு, பிளாஸ்டிக் நாற்காலி, பூக்கூடை, செல்போன். பின்திரை கறுப்பாக இருந்தால் நல்லது. பிணப்பெட்டியை நிஜமாகக் கொண்டுவந்து வைக்காதீர்கள். கண்ணாடிப் பெட்டி மேடையில் இருந்தால் சபையின் கண் அதைவிட்டு நகராது. அது இருக்கும் இடத்தில் தரையில் ஒரு செவ்வக வெளிச்சம் போட்டால் போதும்.

விளக்கைப் பற்றி ஒரு யோசனை. முதல் துண்டுக்குச் சபை விளக்கை அணைக்காதீர்கள், பாதியாகக் குறைத்தால் போதும். பக்கத்தில் இருப்பவர் சிரிப்பதைப் பார்த்தால்தான் நாமும் சிரிக்கலாம் என்ற தைரியம் வரும். சாவு பற்றிய நகைச்சுவையில் இந்த அனுமதி மிக முக்கியம். இரண்டாவதில் இன்னும் குறையுங்கள். மூன்றாவதிலும் நான்காவதிலும் முழு இருட்டு. ஒலியைப் பொறுத்தவரை, நூறு நூற்றைம்பது பேர் கொள்ளும் ஹாலில் மைக் இல்லாமலே பேசப் பழக்குங்கள். காலர் மைக்கில் சேலை உரசும் சத்தம் கேட்கும், குரல் நடிகரிடமிருந்து வராமல் பெட்டியிலிருந்து வரும். முதல் துண்டில் மைக் கதையிலேயே இருக்கிறது, அது வேறு. மின்விசிறிச் சத்தத்தை மட்டும் முன்கூட்டியே போய்க் கேட்டுவிடுங்கள். பழைய ஹால்களில் விசிறியை நிறுத்தினால் வியர்க்கும், ஓட்டினால் மெல்லிய குரல் போய்விடும்.

ஹால் என்றதும் தமுக்கம் மாநாட்டு மையத்தையோ ராஜா முத்தையா மன்றத்தையோ நினைக்காதீர்கள். பெரிய அரங்கில் நூறு பேர் சிதறி உட்கார்ந்தால் ஒருவர் சிரிப்பு இன்னொருவரை எட்டாது, தனியாகச் சிரித்தவர் அடுத்த முறை அடக்கிக்கொள்வார். கல்லூரிக் கருத்தரங்குக் கூடம், நூலகத்து மேல்மாடி, சின்னக் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக்கூடம் எதுவானாலும் சரி. நாற்காலிகளை நெருக்கமாகப் போடுங்கள், எண்ணிக்கையை வருபவர்களைவிடக் கொஞ்சம் குறைவாகவே போடுங்கள். பிறகு கொண்டுவந்து போட்டுக்கொள்ளலாம்.

மாதம் என்றால் மார்கழி. கல்யாணம் இல்லாததால் மண்டபம் கிடைக்கும். ஸ்பெஷல் நாடக வாத்தியக்காரர்கள் பங்குனியிலிருந்து ஆடிவரை ஊர்த் திருவிழாக்களில் மூழ்கியிருப்பார்கள், மார்கழியில் அவர்களுக்கு ஓய்வு. விசிறியையும் நிறுத்திவிடலாம். சித்திரைத் திருவிழா நாட்களில் எதையும் வைக்காதீர்கள், அழகர் வரும்போது மதுரை வேறு எதையும் பார்க்காது.

அனுமதி பற்றி. பிரதியை முன்கூட்டியே கொடுத்து அனுமதி வாங்க வைத்த 1954-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தை எதிர்த்துப் பரீக்‌ஷா நாடகக் குழுவின் ஞாநி வழக்குத் தொடுத்தார். அதன் பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2013-ல் தீர்ப்பளித்தது. ஹால் பொறுப்பாளர் யாராவது பழைய பழக்கத்தில் பிரதி கேட்டால் இதை மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். ஒலிபெருக்கிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை உள்ள தடை, மூடிய அரங்குக்குள் மட்டும் கேட்கும் ஒலிக்குப் பொருந்தாது. திறந்தவெளியில் போட்டால் பொருந்தும். நீங்களே எழுதிய துண்டுகள் என்பதால் உரிமைப் பிரச்சினை இல்லை. நாளை வேறு எழுத்தாளரை எடுப்பதானால், இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள்வரை உரிமை உண்டு என்பதை நினைவில் வையுங்கள். 1948-ல் இறந்த புதுமைப்பித்தனுக்கும் 1904-ல் இறந்த செகாவுக்கும் அந்தக் காலம் முடிந்துவிட்டது. ஆனால் செகாவை யாராவது மொழிபெயர்த்த தமிழ்ப் பிரதியை எடுத்தால், அந்த மொழிபெயர்ப்பாளருக்குத் தனி உரிமை உண்டு. அவரிடமோ குடும்பத்தாரிடமோ கேட்டுத்தான் போட வேண்டும்.

இந்த ஊரில் நவீன நாடகத்துக்குப் பார்வையாளர் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1977-ல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பட்டறைக்குப் பிறகு, 1978-ல் மு. ராமசாமி மதுரையில் நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கினார். தெருவிலும் அரங்கிலும் அவர்கள் போட்டதைப் பார்த்து வளர்ந்த சபை இங்கே உண்டு. சாவைப் பற்றிச் சிரிப்பதும் இங்கே யாருக்கும் அந்நியம் இல்லை. ஒப்பாரி வைக்கும் அம்மாக்கள் அழுகையின் நடுவிலேயே செத்தவரையும் சீர் செய்யாத உறவையும் ஒரு வாங்கு வாங்குவதை இழவு வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

ஆனால் யாரைப் பார்த்துச் சிரிக்க வைக்கிறீர்கள் என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்பவரைப் பார்த்துச் சிரிக்கலாம், அடுத்தவரை நசுக்குபவரைப் பார்த்துச் சிரிக்கலாம். உடல் குறை, சாதி, பேச்சு வழக்கு இவற்றின் மேல் ஒரு சிரிப்பும் விழக் கூடாது. 'வந்தாக, போனாக' என்று பேசுவதே வேடிக்கை என்பதுபோல் ஒரு நடிகர் அழுத்திச் சொன்னால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். இங்கே ஊர்ப் பெயரையும் உறவுச் சொல்லையும் வைத்தே சாதியை ஊகிப்பார்கள் என்பதால், பாத்திரத்தின் ஊரைத் தேர்வதில்கூட யோசனை தேவை. பத்திரிகையில் வந்த சமீபத்திய மரணத்தை அடையாளம் தெரியும்படி எடுக்காதீர்கள், அந்த வீட்டார் மூன்றாவது வரிசையில் இருக்கலாம். தற்கொலை வரும் துண்டு இருந்தால், சாகும் முறையை விவரிக்காதீர்கள். நுழைவுச்சீட்டு வாங்கும்போதே அதில் அப்படி ஒரு பகுதி உண்டு என்று சொல்லிவிடுங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416-ஐ வாசலில் கண்ணில் படும்படி எழுதி வையுங்கள்.

இவ்வளவு செய்தும் சிலர் எழுந்து போவார்கள். போன வாரம் அப்பாவை இழந்தவர் அந்தக் கூட்டத்தில் இருக்கக்கூடும், அவருக்குப் போக உரிமை உண்டு. அதனால் நடைபாதையை அகலமாக விடுங்கள், கதவருகே குழுவில் ஒருவர் நிற்கட்டும். தண்ணீர் கொடுக்கட்டும், ஏன் போகிறீர்கள் என்று கேட்க வேண்டாம். அவர்களாகச் சொன்னால் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்ளட்டும். மேடையில் இருப்பவர் போகிறவரைப் பார்க்கவே கூடாது, அவருடைய கண் தன் கேட்பவரிடமே இருக்க வேண்டும். காட்சி முடிந்ததும் எந்த வரியில் எத்தனை பேர் எழுந்தார்கள் என்று கதவருகே நின்றவர் குறித்துக் கொடுக்கட்டும். ஒரு காட்சியை வைத்து முடிவு செய்யாதீர்கள், குறைந்தது மூன்று காட்சியாவது போடுங்கள். மூன்றிலும் ஒரே வரியில் ஆட்கள் எழுந்திருந்தால் அந்த வரியை எடுத்து, அது யாரிடம் சொல்லப்படுகிறது, யார் மேல் விழுகிறது என்று மறுபடி உட்கார்ந்து பாருங்கள். வெவ்வேறு இடங்களில் எழுந்திருந்தால் பிரதியில் கை வைக்க வேண்டாம்.